மறு: சினாப்ஸுக்குத் தமிழ்ச்சொல் – ‘நரம்பிணைப்பு’ வேண்டாம், ‘கவவு’ என்போம்

அன்புள்ள மருத்துவர் ஐயாவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம். ஒரு நரம்புக் கலம் (செல்) மற்றொன்றைத் தொட்டு நின்று செய்தி கடத்தும் இடமான சினாப்ஸுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். ஐயா எழுதியிருந்தது:

> சினாப்ஸுக்கு ‘நரம்பிணைப்பு’ என்றே வைத்துவிடலாம். கேட்ட மாத்திரத்தில் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் தவறாகப் புரியும் என்று அஞ்சுகிறேன். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று அன்றாடம் சொல்லும்போது, ஒன்றில் ஓடுவது மற்றொன்றுக்குள் அப்படியே ஓடும் என்றுதான் பொருள் கொள்கிறோம். நரம்புக் கலங்கள் அவ்வாறு ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கின்றனவா என்பதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஆய்வாளர்களை இரு அணியாகப் பிரித்த கேள்வி. இல்லை என்று சொன்ன அணியிலிருந்து பிறந்த பெயர்தான் சினாப்ஸ். அதற்கு எதிரணியின் கருத்தைப் பெயராகச் சூட்டலாமா?

1873இல் இத்தாலியின் அபியாத்தேகிராசோ ஊரில், தீராநோயாளர் மருத்துவமனையில் பணியாற்றிய கமில்லோ கோல்ஜி, மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்துப் பிறகு வெள்ளி நைட்ரேட்டில் இட்டார். எல்லாக் கலங்களும் கறுத்திருந்தால் ஒன்றும் விளங்கியிருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டுமே கறுத்தன. கறுத்தவை நுனிக்கிளை வரை கறுத்தன. கல்லூரி நாட்களில் அப்படியொரு கண்ணாடிவில்லையை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். தேன் நிறப் பின்புலத்தில் ஒரே ஒரு கலம், இந்திய மையால் வரைந்ததுபோல் நின்றது. கிளைகளின் மேல் வேலமுள் போலச் சிறு புடைப்புகள். நெடுநேரம் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

ஆனால் கோல்ஜி கண்டதாக நம்பியது வேறு. ஆக்சான் (நரம்புக் கலத்திலிருந்து செய்தியை வெளியே கொண்டுசெல்லும் நீள் இழை) கிளைகள் ஒன்றோடொன்று கலந்து மூளை முழுவதும் தொடர்ந்து ஓடும் வலையாகின்றன என்றார். அவருக்கு முன்பே ஜெர்மனியில் கெர்லாக் வேறொரு வகை வலையைச் சொல்லியிருந்தார்.

ஸ்பெயினின் ரமோன் இ காஹால் 1887இல் மாட்ரிட்டில் இந்தச் சாயமேற்றிய வில்லைகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டே பார்சிலோனாவில் தம் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்விதழ் தொடங்கி முடிவுகளை வெளியிட்டார். அவர் செய்த மாற்றங்கள் இரண்டு: துண்டை இருமுறை ஊறவைத்தார், வளர்ந்த விலங்கை விட்டுக் கருவையும் குஞ்சுகளையும் எடுத்துக்கொண்டார். மயலின் என்னும் கொழுப்பு உறை மூடாத இளம் இழைகளில் சாயம் நன்கு ஏறியது. பறவையின் சிறுமூளையில் அவர் கண்டதைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். சில இழைகள், புர்க்கின்யே கலம் என்னும் சிறுமூளையின் பெரிய நரம்புக் கலத்தின் உடலைக் கூடை பின்னியதுபோல் சூழ்ந்திருந்தன. வேறு சில, கொழுகொம்பைப் பற்றும் கொடிபோல் அதன் கிளைகள் மீது ஏறிப் படர்ந்தன. எங்கும் இழை கலத்துக்குள் கலக்கவில்லை. கட்டித் தழுவி, வெளியிலேயே நின்றது.

1891இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டேயர் இத்தகைய தனிக்கலத்துக்கு நியூரான் என்று பெயரிட்டார். (அந்தக் கிரேக்கச் சொல்லுக்குத் தசைநாண், வில்நாண் என்றெல்லாம் பொருள் உண்டு. நம் நரம்பும் யாழில் கட்டியதுதான். அதனால் ‘நரம்புக் கலம்’ எனக்கு மிகவும் பிடிக்கும். ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்று சிரையைச் சொல்லும் பேச்சு வழக்கு தரும் குழப்பத்தைத் தனி மடலில் பேசுவோம்.)

1897இல் ஃபாஸ்டரின் உடலியங்கியல் பாடநூலுக்கு எழுதிய ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஷெரிங்டன், கலங்கள் தொட்டு நிற்கும் இடத்துக்குப் பெயர் தேடினார். அவர் முதலில் நினைத்தது ‘சின்டெஸ்ம்’, அதாவது பிணைப்பு. ஃபாஸ்டர் கேம்பிரிட்ஜின் கிரேக்க அறிஞர் வெராலைக் கேட்க, அவர் சொன்னது ‘சினாப்ஸ்’. பற்றிக்கொள்ளுதல் என்று பொருள். பெயரடையாக வளைப்பதற்கும் எளிது. நாம் இன்று தொடங்கும் இடத்தைத் தாண்டி அவர்கள் அன்றே வந்துவிட்டார்கள், ஐயா.

பற்றித் தழுவுதலுக்குத் தமிழில் ‘கவவு’ இருக்கிறது. சிலப்பதிகார மங்கல வாழ்த்தில் ‘காதலர்ப் பிரியாமல் கவவுக்கை ஞெகிழாமல்’ என்று மணமக்களை வாழ்த்துகிறார்கள். இருவர் இருவராகவே இருக்க, கை மட்டும் நெகிழாமல் இருக்கும் நிலை. இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் அகப்படவில்லை.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: கவவுமுன் கலம் (செய்தியை அனுப்புவது), கவவுப்பின் கலம் (பெறுவது), கவவிடை (இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி). ‘நரம்பிணைப்பு’ என்று வைத்தால் ‘நரம்பிணைப்பு இடைவெளி’ என்று எழுத வேண்டிவரும். இணைப்பு என்று சொல்லிவிட்டு அதற்குள் இடைவெளி இருப்பதாகப் படித்தால் மாணவர் என்னதான் நினைப்பார்?

அன்புடன்,
மொழிபெயர்ப்புக் குழுவிலிருந்து

——

அன்புச் சகோதரிக்கு,

இரண்டு தடைகள். ஷெரிங்டன் தம் வரையறையில் சினாப்ஸை ஒரு சிறப்பு வகை இணைப்பு என்றுதானே விளக்குகிறார்? அடுத்து, 1959இல் கிரேஃபிஷ் என்னும் நன்னீர் உயிரியில் மின்வழிச் சினாப்ஸ் இருப்பதைக் காட்டினார்கள். அங்கே நுண்துளைகள் வழியே மின்னோட்டம் நேராகவே கடக்கிறது. அப்போது இணைப்பு என்பது பொருந்தாதா? மேலும், கவவு யாருக்குத் தெரியும்?

——

ஐயாவுக்கு வணக்கம். கடைசிக் கேள்விக்கு மட்டும் தமிழாசிரியனாக நான் விடை சொல்கிறேன். தொல்காப்பிய உரியியலில் ‘கவவு அகத்திடுமே’ என்று இருக்கிறது, அகத்தே இட்டுக்கொள்ளுதல். அந்த நூற்பா தெரியாதவருக்கும் ‘கவ்வு’ தெரியும். ‘நாய் கவ்வியது’ என்று சொல்லாத குழந்தை உண்டா? ஓசையே பாதிப் பொருளைத் தந்துவிடும்.

——

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. மருத்துவர் ஐயா, ஷெரிங்டன் இணைப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே, கிளையின் நுனி மறு கலத்தோடு தொடர்ச்சியாக இல்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். விளக்கத்தில் வந்த சொல்லை அவர் பெயராக்கவில்லை.

மின்வழிச் சினாப்ஸ் பற்றி நீங்கள் சொன்னது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. ‘நரம்பிடைவெளி’ என்று முன்பு ஒருவர் தந்த சொல்லை நான் விட்டதற்கு அதுவே காரணம். வேதிப்பொருள் வழியே செய்தி கடக்கும் வேதிவழிச் சினாப்ஸில் இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. 1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகே அதைக் கண்ணால் காண முடிந்தது. மின்வழியிலோ கலங்கள் இன்னும் நெருங்கித் துளைகளால் பேசுகின்றன. அங்கும் இரண்டு கலங்கள் இரண்டாகத்தான் இருக்கின்றன. ஆகவே வேதிக்கவவு, மின்கவவு என்று பிரித்தால் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் போதும்.

சொற்பட்டியலில் ‘கவவு’ என்று முதலிலும், பாடநூல் வழக்கான ‘சினாப்ஸ்’ என்பதை அடுத்தும் பதிகிறேன். ‘நரம்பிணைப்பு’ என்று தேடுபவரும் அங்கே வந்து சேரும்படி ஒரு குறிப்பு வைத்துவிடலாம், ஐயா. அடுத்த மடலில், நரம்புக் கலத்தில் செய்தியைப் பெறும் கிளையான டென்ட்ரைட்டை எடுத்துக்கொள்வோமா?