வீட்டு வாசல் சாய்தளத்தைத் தெருவில் இறக்கலாமா? கார் நுழைவாயில் அமைப்பது குறித்து விளக்கம் வேண்டும்

கேள்வி: தென்சென்னைவாசி

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னையில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய வீட்டின் தரை தெருவைவிடத் தாழ்ந்து போயிருந்ததால், 2015 டிசம்பர் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே நின்றது. அந்த அச்சத்தில் இம்முறை வீட்டுத் தரையைத் தெருவிலிருந்து 3 அடி உயரத்திலும், கார் நிறுத்துமிடத்தை 2 அடி உயரத்திலும் வைக்கத் திட்டமிட்டு மண் நிரப்பிவிட்டோம். தரை இன்னும் போடவில்லை. மதில் சுவருக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் இடையே 5 அடி முன்வெளி இருக்கிறது. வாசலை ஒட்டி 6 அங்குல உயரத்தில் நடைபாதையும், அதன் கீழே மழைநீர் வடிகாலும் உள்ளன.

கேட்டுக்கு வெளியே நடைபாதையின் மீது 4 அடிக்குச் சாய்தளம் போட்டால்தான் கார் ஏறும் என்று மேஸ்திரி சொல்கிறார். எங்கள் வரிசையில் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் என் தாயார் தினமும் கோயிலுக்கு நடந்து செல்பவர். அந்தச் சாய்தளங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்க முடியாமல் நடைபாதையை விட்டுவிட்டு வண்டிகளுக்கு நடுவே தெருவில் நடக்கிறார். நானும் அதையே கட்டுவதற்கு மனம் ஒப்பவில்லை. விதி என்ன சொல்கிறது, வேறு வழி உண்டா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: கட்டடப் பொறியாளர்

கேட்டதற்கு நன்றி. கட்டி முடித்த பிறகு கேட்பவர்களே அதிகம். தாங்கள் தரை போடுவதற்கு முன்பே கேட்டிருப்பதால் செலவில்லாமல் திருத்திக்கொள்ள முடியும்.

முதலில் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்வோம். மதில் சுவரின் வெளிமுகத்தோடு தங்கள் மனை முடிந்துவிடுகிறது; அதற்கு அப்பால் உள்ள நடைபாதையும் வடிகாலும் தெருவின் பகுதி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வகுத்துள்ள முன்வெளி, பக்கவெளி, வாகன நிறுத்துமிடம் எல்லாமே மனைக்குள் அமைய வேண்டியவை. ஆகவே உயர வேறுபாட்டையும் மனைக்குள்ளேயேதான் தீர்க்க வேண்டும். வெளியே போடும் சாய்தளம் ஆக்கிரமிப்பாகவே கருதப்படும். பக்கத்து வீட்டார் போட்டிருப்பது தங்களுக்கு உரிமை ஆகிவிடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். கார் ஏறும் சரிவுக்கு, எட்டு அடி நீளத்துக்கு ஒரு அடி உயர்வு என்பது கட்டடத் தொழிலில் வழக்கமாகக் கொள்ளும் அளவு. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் காரின் அடிப்பாகம் சரிவின் மேல்விளிம்பில் உரசும். நடைபாதை 6 அங்குலம், கார் நிறுத்துமிடம் 24 அங்குலம் என்றால் ஏற வேண்டிய உயரம் 18 அங்குலம். அதற்கு 12 அடி நீளம் தேவை. தங்களிடம் இருப்பதோ 5 அடி. அதில் ஏழரை அங்குலம்தான் ஏற முடியும். மேஸ்திரி கேட்கும் 4 அடியைச் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு சரிவராது என்பதைக் கவனியுங்கள். நடைபாதையும் கெடும், காரும் உரசும்.

வெள்ளத்திலிருந்து காக்க வேண்டியது வீட்டுத் தரையை. கார் நிற்கும் இடத்தை அவ்வளவு உயர்த்த வேண்டியதில்லை. ஆகவே கார் நிறுத்துமிடத்தை மட்டும் பத்தரை அங்குலம் தாழ்த்தி, தெருவிலிருந்து பதின்மூன்றரை அங்குல உயரத்தில் வையுங்கள். கேட்டின் உட்புறத்தில் தொடங்கும் சரிவு 5 அடிக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து வீட்டுக்குள் ஏற நான்கு படிகள் போதும். மண்ணைத் தோண்டுவது அரை நாள் வேலை. ஆனால் நுழைவாயிலின் குறுக்கே அடித்தள பீம் ஓடுகிறதா என்று தங்கள் பொறியாளரிடம் கேட்காமல் எதையும் உடைக்க வேண்டாம்.

கேட் விஷயத்தில் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். உள்ளே ஏறும் சரிவு இருந்தால் உட்புறமாகத் திறக்கும் கதவு தரையில் முட்டும். உடனே வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றிவிடுவார்கள். நடைபாதையில் வருபவர்மேல் இரும்புக் கதவு மோதுவதற்கு இதுவே காரணம். பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் கேட் போடுங்கள். கேட்டுக்குச் சற்று உள்ளே குறுக்காக ஒரு சிறு வாய்க்கால் எடுத்து, மேலே இரும்புச் சல்லடை வைத்து, மழைநீர் சேகரிப்புக் குழியில் இணைத்துவிட்டால், தங்கள் வாசல் தண்ணீர் தெருவுக்கு ஓடாது.

பதில்: வடிகால் பணி மேற்பார்வையாளர் (ஓய்வு)

பொறியாளர் ஐயா சொன்னதோடு நான் பணியில் நேரில் பார்த்ததைச் சேர்க்கிறேன். சாய்தளம் போடும்போது கலவை வழிந்து, தெருவோரத்தில் மழைநீர் உள்ளே இறங்கும் வாய் அடைபட்டுவிடும். தெரு முழுக்க ஓடிவரும் நீருக்கு அங்கே ஒரு சாண் அகலத் திறப்புதான் இருக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசிவிட்டால், கீழே வடிகால் காலியாக இருக்க, மேலே தெருவில் தண்ணீர் நிற்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வார வரும் தொழிலாளர்கள் மூடியைத் தூக்க முடியாமல் அந்த வீட்டு வாசலை விட்டுவிட்டு அடுத்த மூடிக்குப் போக நேரும். வண்டல் அங்கேயே தங்கிவிடும்.

நுழைவாயிலின் இடத்தையும் இப்போதே ஒருமுறை யோசியுங்கள். வடிகாலின் வாய், ஆள்நுழைவு மூடி, மின்பெட்டி, மரம் ஆகியவற்றுக்கு எதிரே கேட் வரக்கூடாது. முனை மனையாக இருந்தால், சந்திப்பிலிருந்து இயன்றவரை தள்ளி, வாகன நெரிசல் குறைந்த பக்கத்தில் வைப்பதே நல்லது. திருப்பத்தில் வேகமாக வருபவருக்குப் பின்னோக்கி வெளியேறும் கார் தெரியாது.

சாலை உயர்ந்துகொண்டே போவதும் இந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். தங்கள் தெருவில் மீண்டும் சாலை போடும்போது அது நடக்கிறதா என்று நின்று பாருங்கள். நடக்கவில்லையென்றால் 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்கு அன்றைக்கே புகார் கொடுங்கள். சாலை போட்டு முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

பதில்: சக்கர நாற்காலியில் செல்பவள்

தங்கள் தாயாரைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. குறுக்கே சரிந்த சாய்தளத்தில் என் நாற்காலி ஏறும்போது ஒரு பக்கச் சக்கரம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் தாமாகவே தெருப்பக்கம் திரும்பிவிடுகின்றன. ஒரு கையால் மேல்பக்கச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, மறுகையால் தள்ள வேண்டும். ஒரு வீட்டைக் கடந்தால் அடுத்த வீட்டில் மீண்டும் அதே பாடு. கடைசியில் நானும் தெருவில்தான் இறங்குகிறேன்.

இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, நடப்பதற்குத் தடையற்ற அகலமாகக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. கார் நுழைவாயில் வரும் இடத்திலும் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதத்தில் கூறியிருக்கிறது. பொறியாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த நான்கு படிகளோடு கைப்பிடி வைத்த ஒரு சாய்வுப் பாதையும் சொல்லுங்கள். மனிதர் ஏறுவதற்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும். எட்டுக்கு ஒன்று போதாது.

பதில்: கட்டடப் பொறியாளர்

அம்மா, தாங்கள் சொல்வது சரி; நான் விட்டது தவறு. மிச்சமுள்ள உயரம் இருபத்திரண்டரை அங்குலம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் இருபத்திரண்டரை அடி நீளம் வேண்டும். பக்கவெளியில் சுவரை ஒட்டிக் கொண்டுபோய், நடுவில் ஒரு சமதளம் விட்டு, பின்வாசலில் முடிக்கலாம். ஆனால் பக்கவெளியில் எதையும் கட்டுவதற்கு முன் வரைபட அனுமதியில் அதற்கு இடமுண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்: தென்சென்னைவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை நீர்மட்டக் குழாய் பிடித்து அளந்து, மதிலின் உட்புறத்தில் பதின்மூன்றரை அங்குலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டோம். பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, நுழைவாயிலில் பீம் மண்ணுக்குக் கீழேயே இருப்பதால் தோண்டலாம் என்றார். மேஸ்திரி முதலில் தயங்கினாலும், 12 அடிக் கணக்கைக் காகிதத்தில் வரைந்து காட்டியதும் ஒப்புக்கொண்டார். கேட் எதிரே வடிகாலின் வாய் ஒன்று இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். ஆகவே கேட்டை 3 அடி வடக்கே நகர்த்துகிறோம். பக்கவெளியில் சாய்வுப் பாதைக்கு அளவெடுக்க நாளை மறுநாள் பொறியாளர் மீண்டும் வருகிறார். அனுமதி பற்றிய விவரத்தை அன்று கேட்டு இங்கே எழுதுகிறேன்.