'டிஸ்பேரேஜ்' (disparage) என்ற ஆங்கிலச் சொல் எங்கெல்லாம் எதிர்ப்பட்டது, எப்படித் தமிழாக்கினீர்கள்?

வேளச்சேரி மொழிபெயர்ப்பாளர்:
அகராதியில் 'இழிவுபடுத்து' என்று இருக்கும். அதையே எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். பாரம் கூடிப்போகிறது. சாதி சொல்லி ஏசினால் இழிவுபடுத்துதல் சரி. 'என்ன பெரிய படிப்பு, கரஸ்ல வாங்கின டிகிரிதானே' என்பதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை, ஆனால் டிஸ்பேரேஜ். நம்ம ஊர்ப் பேச்சில் மட்டம் தட்டுவது. எழுத்து நடைக்குக் 'குறைத்துப் பேசுதல்' போதும்.

அண்ணா நகர் கோச்சிங்:
வங்கித் தேர்வுப் பிள்ளைகள் விடாமல் செய்யும் தப்பு ஒன்று. 'அவரைப் பற்றி மட்டமாகப் பேசினார்' என்று தமிழில் யோசித்துவிட்டு, வினைச்சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' போடுவார்கள். கூடாது. 'ஹி டிஸ்பேரேஜ்ட் ஹிஸ் ரைவல்', அவ்வளவுதான். 'டிஸ்பேரேஜிங் ரிமார்க்ஸ்' என்று வரும்போது மட்டும் 'அபவுட்' வரலாம், குழப்பமே அங்கிருந்துதான். 'டிஸ்பரேட்' (disparate) வேறு சொல், முற்றிலும் மாறுபட்ட என்று பொருள். ஆப்ஷனில் பக்கத்திலேயே வைத்துக் கவிழ்ப்பார்கள். உச்சரிப்புக்கு 'மேரேஜ்' ஞாபகம் இருந்தால் போதும், அதே எதுகை.

மயிலாப்பூர் சொல்லாராய்ச்சி:
எதுகை மட்டுமில்லை சார், மூலமே கல்யாணம்தான். பழைய பிரெஞ்சில், அந்தஸ்தில் ஈடில்லாத இடத்தில் மணம் முடித்து வைப்பது. உள்ளே இருப்பது 'சமம்' எனப் பொருள்படும் லத்தீன் 'பார்'. 1215-ம் ஆண்டு இங்கிலாந்து உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 6-வது பிரிவு, வாரிசுகளுக்கு இப்படித் தகுதிக் குறைவாக மணம் முடிக்கக் கூடாது என்கிறது. 'மட்டம்' என்பதும் சம அளவைக் குறிக்கும் சொல்தானே. அதனால்தான் 'மட்டம் தட்டு' இவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது.

பாரிமுனை வழக்கறிஞர்:
விளம்பர வழக்குகளில் இந்தச் சொல் இல்லாமல் மனுவே இல்லை. 'எங்கள் சோப்புதான் சிறந்தது' என்று பீற்றிக்கொள்ளலாம், சட்டம் கண்டுகொள்ளாது. 'மற்ற சோப்பு தோலைக் கெடுக்கும்' என்றால் மாட்டினார்கள். பெயர் சொல்லாவிட்டாலும், உறையின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே இன்னாருடையது என்று தெரிந்தால் போதும். விளம்பரத்தால் வணிகக்குறி மீறப்படுவதைச் சொல்லும் வணிகக்குறிச் சட்டம் 1999, பிரிவு 29(8)-ஐயும் சேர்த்தே வாதிடுவோம். தமிழில் இதை 'அவதூறு' என்று எழுதிவிடாதீர்கள். அவதூறு மானத்தைப் பற்றியது, அதற்குக் குற்றவியல் பிரிவும் உண்டு (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356). சரக்கைக் குறை சொன்னதற்குக் கேட்பது உரிமையியல் தடையாணை. 'வணிக இழிவுரை' என்று எழுதலாம், அழகில்லை, ஆனால் குழப்பாது.

ஓ.எம்.ஆர். எச்.ஆர்.:
வேலையை விடும்போது நீட்டும் செட்டில்மென்ட் தாளில் 'நான்-டிஸ்பேரேஜ்மென்ட்' என்று ஒரு ஷரத்து இருந்தால் நிதானமாகப் படியுங்கள். 'பொய் சொல்ல மாட்டேன்' என்பதல்ல அது. பெரும்பாலும் உண்மையான குறையைக்கூட வெளியில் சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு எழுதியிருப்பார்கள். கம்பெனியும் உங்களைக் குறைத்துப் பேசாது என்ற வரி இருக்கிறதா? இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.