அப்டேட்: 9-ஆம் கிளாஸ் வாயத் தொறந்துடுச்சு

டீச்சிங் பிராக்டிஸ்ல கேள்வி கேட்டா மொத்த கிளாஸும் கப்சிப்னு உக்காந்திருக்கு, முன் பெஞ்ச்ல ஒருத்தி மட்டும்தான் பதில் சொல்றான்னு பொலம்பிருந்தேன்ல, நீங்க சொன்ன மாதிரி கேட்டுட்டு சும்மா நின்னு பாத்தேன். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் 1970கள்லயே இத ஆராய்ஞ்சிருக்காங்க, கேள்வி கேட்டுட்டு டீச்சருங்க ஒரு செகண்டு மாதிரிதான் காத்திருக்காங்களாம், அத 3 செகண்டு ஆக்கினாலே பதில் நீளமா வருதாம். மூணு செகண்டுதானேன்னு நெனைக்காதீங்க, அத்தன கண்ணும் நம்மளையே பாக்கும்போது அது ஒரு யுகம்ங்க! எடைக்கும் நிறைக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டுட்டு டஸ்டரப் பிடிச்சுட்டு நின்னேன், கடைசி பெஞ்ச்ல தலையே தூக்காத பையன் "நிலாவுக்குப் போனா எடதான் சார் குறையும், நிறை அப்படியே இருக்கும்"ங்கறான். நான் பாடம் எடுக்கறதப் பாத்து குறை நிறை சொல்ற கைடு டீச்சர் அதெல்லாம் விட்டுட்டு நோட்ல "குரல் பத்தல"ன்னு மட்டும் எழுதி வச்சிருக்காங்க, அதுக்கு ஏதாவது ஐடியா இருந்தா சொல்லுங்கப்பா.