புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறைப் பயணமும் என் வயிறும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வந்த மறுநாளே வயிற்றுப்போக்கு கண்டதால், இனி எதையும் ருசிக்க முடியாதோ என்று சென்ற வாரம் புலம்பியிருந்தேன். இப்போது தேறிவிட்டேன். 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஓஆர்எஸ் (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் முழுவதையும் கரைத்து (பாதியைப் போடப்போன என்னை அத்தை அதட்டினார்) நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்ததும், உப்பிட்ட கஞ்சியும்தான் கைகொடுத்தன.

நான்காம் நாள் துணிந்து, அதே மாவட்டத்தில் இட்லிக்குப் பேர்போன ஊரான ராமசேரிக்குப் போனேன். மண்பானை வாயில் நூல் வலை பின்னி, மேலே துணி விரித்து மாவூற்றி, விறகடுப்பில் வேகவைக்கும் அந்தத் தட்டை இட்லி ஆவி பறக்க இலையில் விழுந்தபோது, வயிற்றைக் கேட்டுக்கொண்டு இரண்டோடு நிறுத்தினேன். காரப் பொடியைத் தொடாமல் வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. இங்கே குடிக்கத் தரும், பதிமுகம் என்னும் மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீர் மருந்தா என்று ஒருவர் கேட்டிருந்தார். நன்றாகக் கொதித்த நீர் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.