மஞ்சள் பூவா, ஊதாப் பூவா? நினைவு நடையில் உங்கள் அனுபவம்

எடிசன்_மகள்:
இங்கே அமெரிக்காவில் அல்சைமர் என்ற மறதி நோய்க்காக நிதி திரட்டும் நடைக்குப் போனவர்களுக்கு, அங்கே கையில் கொடுக்கும் அந்தக் காற்றாடிப் பூ தெரிந்திருக்கும். நோய் வந்தவர்களுக்கு நீலம், கவனித்துக்கொள்பவர்களுக்கு மஞ்சள், பறிகொடுத்தவர்களுக்கு ஊதா, ஆதரவாக வருபவர்களுக்கு ஆரஞ்சு. அப்பா இருந்தவரை எனக்கும் அம்மாவுக்கும் மஞ்சள்தான். அவர் போன பிறகு நடந்த நடையில் நான் ஊதாவை எடுத்தேன். அம்மா மஞ்சளுக்கே கை நீட்டினார். மேசையில் இருந்த பெண் தன்மையாக ஊதாவை எடுத்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னும் முழிப்பு வருது. எழுந்து வாசக்கதவு பூட்டியிருக்கான்னு பாத்துட்டுத்தான் படுக்கறேன். என்னை எதுக்கு மாத்தச் சொல்றா?"

அப்பா இரவில் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். அதை அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்கு வாய் வரவில்லை. அம்மா மஞ்சள் இதழில் மார்க்கரால் அப்பா பெயரைத் தமிழில் எழுதினார். கடைசி எழுத்தில் மை மங்கிவிட்டது, அதன் மேலேயே நாலைந்து முறை அழுத்தி எழுதினார். மேடையிலிருந்து ஊதாவை உயர்த்தச் சொன்னபோது நான் மட்டும் உயர்த்தினேன். பக்கத்தில் அம்மா நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

டல்லாஸ்காரன்:
வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் அம்மாவிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நிறம் பிரித்திருப்பதே ஒரே துயரம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்க்கத்தான். மாமியாருக்காக நான் ஊதாவைத் தூக்கியபோது முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கையிலும் ஊதா. நான் மஞ்சளோடு நின்றிருந்தால் என்னிடம் வந்திருப்பாரா?

சுன்னாகத்துப்பிள்ளை:
டல்லாஸ் அண்ணா, வருகிற ஆட்கள் நிறம் இல்லாமலும் வருவினம். 2011இல் இலங்கையில், யாழ்ப்பாணப் பக்கம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காகத் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர் நடந்தார்களே, அந்த 'ட்ரெய்ல்' நடை. அதற்கு முன்பு எங்கள் பக்கத்து நோயாளிகள் எத்தனையோ பேர் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வந்தே களைத்துப்போனார்கள். எங்கள் அம்மம்மாவும் அப்படித்தான். கடைசி நாள் நாங்கள் தெருவோரம் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றோம். ஒரு சிங்களப் பெண், கால் முழுக்கப் பிளாஸ்டர், சட்டையில் தன் தாயின் படத்தைக் குத்தியிருந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் படத்தைத் தொட்டுக் காட்டினார். அம்மா வீட்டுக்குள் ஓடிப்போய் அம்மம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, தூசியோடு கொண்டுவந்து காட்டினார். இரண்டு பேருக்கும் மற்றவரின் மொழி தெரியாது. அம்மா அவரோடு பருத்தித்துறை வரை நடந்தார், வீட்டுச் செருப்போடு, அந்தப் பெரிய படத்தை நெஞ்சோடு அணைத்தபடி. எடிசன் அக்கா, உங்கள் அம்மா எடுத்த பூ சரிதான். யாரும் மாற்றத் தேவையில்லை.

பே_ஏரியா_மணி:
நானும் போயிருக்கிறேன், அத்தையைக் கூட்டிக்கொண்டு. ஒலிபெருக்கி அலறியதும் மிரண்டு என் கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். கிடைத்துவிட்டார், ஆனால் அந்தச் சில நிமிடங்கள் போதும் ஒரு ஆயுளுக்கு.

அதனால் சொல்கிறேன், நோயாளியையே அழைத்து வருபவர்கள் மேடை நிகழ்ச்சி முடிந்த பிறகு வாருங்கள். பூவை நீங்கள் முன்னாடியே போய் வாங்கி வைத்துக்கொள்ளலாம். சட்டைப்பைக்குள் சீட்டு வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள், கையிலேயே பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது, இரண்டு பேராவது வேண்டும். சக்கர நாற்காலி வேண்டாம் என்று அடம்பிடித்தாலும் காரில் ஒன்று இருக்கட்டும். பெரும்பாலும் குறுக்கு வழி ஒன்று வைத்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் குளிரும், ஸ்வெட்டர் போடுங்கள். அப்புறம் நன்கொடை: நீங்கள் கொடுக்கும் அளவுக்குத் தானும் கொடுக்கும் கம்பெனிகள் இங்கே நிறைய. உங்கள் அலுவலகத்தில் எச்.ஆரிடம் கேளுங்கள். நம் ஆட்கள் பலர் அந்தப் படிவத்தைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். ரசீது மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள், அதைத்தான் கேட்பார்கள்.