இலையுதிர்க்கும் டென்ட்ரோபியம் ஓர்க்கிட்: மாரியில் ஓய்வு கொடுப்பது எப்படி?

கேள்வி (உவர்மலை)
வணக்கம். வீட்டு முற்றத்து நிழல்வலையின் கீழ் அனோஸ்மம், நொபிலே ஆகிய இரண்டு டென்ட்ரோபியங்களை வளர்க்கிறேன். கார்த்திகையில் இரண்டும் இலைகளைக் கொட்டத் தொடங்கின. இலை கொட்டினால் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். ஆனால் திருகோணமலையில் ஐப்பசி முதல் மார்கழி வரைதானே மழை கொட்டுகிறது? மொட்டையான தண்டுகளை வெட்டிவிடலாமா? நொபிலே சென்ற வருடமும் பூக்கவில்லை. கணுக்களில் குட்டிச் செடிகளைத்தான் விட்டது.

பதில் (சாம்பல்தீவு)
வெட்டவே வேண்டாம். அடுத்த பூக்கள் அந்த மொட்டைத் தண்டின் கணுக்களிலிருந்துதான் வரும். செடி ஓய்வுக் காலத்தைக் கடத்துவதும் அதில் சேமித்த நீரையும் சத்தையும் கொண்டுதான். இவற்றின் சொந்தக் காடுகளில் வைகாசி முதல் புரட்டாதி வரை மழையும் அதன்பின் வறட்சியும் நிலவ, நமக்கோ அந்த மழை மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசி, செடி உறங்க வேண்டிய வேளையில் மாரி வந்துவிடுகிறது. ஆகவே நிழல்வலை போதாது. இலை மஞ்சளித்ததும் செடிகளை மழைச்சாரல் படாத, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள விறாந்தைக்கு மாற்றித் தொங்கவிடுங்கள். மாரிக் காற்றின் ஈரப்பதமே பெரும்பாலும் போதும். தண்டு சற்றுச் சுருங்குவது இயல்பு. ஆழமாக வரிவரியாகச் சுருங்கினால் மட்டும் காலையில் லேசாகத் தெளியுங்கள். அடியிலிருந்து புதிய முளை கிளம்பினாலும் அவசரப்படாமல், அதன் வேர்கள் ஓரிரு அங்குலம் நீண்ட பிறகே வழமைபோல் ஊற்றத் தொடங்குங்கள். கச்சான் காலத்தில் கஞ்சத்தனம் கூடாது, ஏனெனில் அப்போது தடிக்காத தண்டு பின்னர் பூப்பது அரிது.

பதில் (பண்டாரவளை)
மேலுள்ள பதில் அனோஸ்மத்துக்கு முற்றிலும் பொருந்தும். அதற்கு வறட்சியே போதும். நொபிலேக்கு அதோடு 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ந்த இரவுகள் பல வாரங்களுக்குத் தேவைப்படுகின்றன. உங்கள் கரையோரத்தில் மார்கழி இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதென்பதால், எவ்வளவு காயப்போட்டாலும் அது தாராளமாகப் பூக்கும் என்று நான் சொல்லமாட்டேன். குட்டிகள் வருவதற்கு இன்னொரு காரணம், தழைச்சத்து மிகுந்த பசளையைப் பிந்தும்வரை இடுவது. ஆவணியோடு அதை நிறுத்திவிடுங்கள். உண்மையைச் சொன்னால், மலைநாட்டில் உறவினர் இருந்தால் நொபிலேயை அவர்களிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

கேட்டவர்
இருவருக்கும் நன்றி. இன்று பார்த்தபோது அனோஸ்மத்தின் கணு ஒன்றில் பச்சையாக ஒரு சிறு முனை தெரிகிறது. பூவா, குட்டியா?

பதில் (சாம்பல்தீவு)
சில நாள் பொறுங்கள். உருண்டு திரண்டால் மொட்டு. கூராக நீண்டு இலை விரித்து, அடியில் வேர் விட்டால் குட்டி. எதுவாயினும் இப்போது தண்ணீரைக் கூட்ட வேண்டாம். தெளிப்பதற்கு உவர்க் கிணற்றுநீரை விட்டுவிட்டு, மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.