இரட்டைக் குழி, செப்டிக் டேங்க், லாரி: உங்கள் ஊரில் நடந்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை
2017-ல் தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாயில் கட்டிய இரட்டைக் குழிக் கக்கூஸ். நாலு வருஷத்தில் தண்ணீர் இறங்கவில்லை. சரி, ஒரு குழி நிரம்பிவிட்டது, அடுத்ததுக்கு மாற்றிவிடலாம் என்று இரண்டு குழிக்கும் வழி பிரியும் நடுத்தொட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பினேன். உள்ளே இரண்டு வாயும் ஆவென்று திறந்து கிடந்தன. ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்திருக்க வேண்டும், கொத்தனார் அடைக்கவே இல்லை. இரண்டு குழியும் சேர்ந்தே நிரம்பி, இரண்டிலும் மலம் மக்காமல் கிடந்தது. பின்னால் நின்ற அப்பத்தா கேட்டது: "ரெண்டு குழி வெட்டுனவன் ஒத்தச் செங்கலு வைக்கலையா?"
அப்புறம் கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டோம்.

மேட்டுக்காடு
எங்கள் வீட்டில் ஒழுங்காக அடைத்திருந்தார்கள். முதல் குழியை மூடி இரண்டு வருஷம் ஆறவிட்டு, போன சித்திரையில் தோண்டினேன். மூச்சை அடக்கிக்கொண்டுதான் மண்வெட்டியைப் போட்டேன். வந்தது கறுப்பாக, உதிரியாக, டீத்தூள் மாதிரி. நாற்றமே இல்லை. 2017-ல் தெலங்கானாவின் கங்காதேவிப்பள்ளியில் மத்திய அரசுச் செயலரே குழிக்குள் இறங்கி அள்ளிய செய்தியைப் படித்தபோது நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். எல்லாவற்றையும் தென்னைக்குப் போட்டேன். அந்த மரத்தில் இளநீர் வெட்டினால் அப்பா மட்டும் இன்றைக்கும் "எனக்குச் சளி" என்பார்.

கடைமடை
டீத்தூள் கதையை மேட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். குழியின் அடிக்குக் கீழே 2 மீட்டருக்காவது தண்ணீர் இருக்கக் கூடாது என்பார்கள். எங்கள் பக்கம் ஐப்பசியில் இரண்டு முழம் தோண்டினாலே ஊற்று. அடைமழை ராத்திரி, பேசினுக்குள் களக் களக் என்று சத்தம். டார்ச் அடித்தால் தண்ணீர் மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறது. செங்கல் வைத்தால் நிற்குமா அது?

வைகைக்கரை, லாரியைக் கூப்பிட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கே கொட்டினான் என்று கேட்டீர்களா? விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் வாய்க்கால் மதகில் ஒரு லாரியைப் பார்த்தேன். விளக்கை அணைத்திருந்தது. ஹோஸ் மட்டும் பாம்பு மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. காலையில் அதே மதகில் மாடு குளிப்பாட்டினார்கள். கருங்குழி பேரூராட்சியில் இருப்பதுபோல் கசடைக் காயவைத்துச் சுத்திகரிக்கும் நிலையம் எத்தனை ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது?

சாந்துச்சட்டி
மாமனார் வீட்டில் அடுப்படித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சிக்குழி ஆறே மாதத்தில் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். குழியை அடைப்பது தண்ணீர் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும்தான். குழிக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டுங்கள், அதிலேயே தங்கிவிடும், வாரம் ஒருமுறை அள்ளிப் போடலாம். குழிக்குள் அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சின்ன ஜல்லி. மணல் கொட்டி நிரப்பாதீர்கள். சுற்றிக் கல்வாழை வையுங்கள், நன்றாகத் தண்ணீர் குடிக்கும். கக்கூஸ் தண்ணீரை இதில் விடவே கூடாது, அது வேறு, இது வேறு.

இன்னொன்று, செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் காற்று சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். விஷவாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மேட்டுக்காடு
சாந்துச்சட்டி அண்ணே, இரட்டைக் குழியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

வைகைக்கரை
கடைமடை கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. லாரி டிரைவர் நம்பர் இன்னும் போனில் இருந்தது, கூப்பிட்டேன். "அன்னைக்கு எடுத்தீங்களே, எங்க கொட்டுனீங்க?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "மறுபடி நெறஞ்சிருச்சாண்ணே? நாளைக்கு வரவா?"